கதையும் சம்பாஷணையும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையேறி வாழவந்தி முதலிய ஊர்களுக்குப் போகிறவர்கள், மலைப்பாதை தொடங்குமுன், டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் வளைவை ஏற்காடு சாலையில் காண்பார்கள். பேச்சு கதையையே விழுங்கிவிடும் என்பதற்கு அந்த ஸ்தலத்தைவிடத் தக்க சாட்சி வேண்டியதில்லை. 1950இல் அங்கிருந்து வெளிவந்த 'மந்திரி குமாரி'யில் மு. கருணாநிதியின் வசனம் பெற்ற பிராதான்யத்தின் பின், ஜனங்கள் படம் பார்ப்பதற்கு என்பதைவிட வசனம் கேட்பதற்கே கொட்டகைக்குப் போனார்கள் என்றால் மிகையன்று. திரையில் முகமும் இடமும் தாமே தெரிவதால் அங்கே அதற்கு ஒரு நியாயமும் உண்டு. நாவலாசிரியனுக்கோ முகத்தையும் வீட்டையும் பொழுதையும் தானே சொல்லித் தீரவேண்டிய நிர்ப்பந்தம். எதுவரை சொல்வது, எங்கே பாத்திரத்தைப் பேசவிட்டு விலகிக்கொள்வது என்னும் விவகாரம் தமிழில் ஒருவாறு தீர்வதற்கு அறுபது வருஷங்களுக்கு மேலாயிற்று.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், பாத்திரங்கள் வாயைத் திறந்தால் பெரும்பாலும் உபந்நியாசந்தான். ஆணும் பெண்ணும் ஆசிரியரின் நடையையே பேசுவதால், கதை எங்கே நின்று சம்பாஷணை எங்கே தொடங்கிற்று என்பதை மேற்கோள் குறியைக் கொண்டுதான் அறியவேண்டும். கிளைக்கதைகளின் ஹாஸ்யம் அந்தக் குறையை மறக்கச் செய்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

1893இல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கிய ராஜமய்யர், விவரிப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, பேச்சை அக்கிரகாரத்துக்கே விட்டுக்கொடுத்தார். ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் பகுதிகளில் அவர் குறுக்கிடுவது சொற்பம். ஒவ்வொருத்தியின் சுபாவமும் அவள் வாக்கியத்திலேயே வெளிப்படுகிறது. பிற்பாதியில் வேதாந்தம் வந்து இந்தக் கலகலப்பை அடக்கிவிட்டது, பக்தர்களுக்கு லாபம், வாசகனுக்கு நஷ்டம்.

தங்கள் பேச்சையே பேசும் இந்த உரிமை கொங்குநாட்டுக் குடியானவர்களுக்கு வாய்க்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளில் ஆசிரியரின் உரைநடை எளிய எழுத்துத் தமிழ். பேச்சோ காட்டிலும் களத்திலும் புழங்குகிற கொங்குத் தமிழ். இரண்டும் வேறு வேறு சுருதியில் நிற்பதனாலேயே ஒன்றையொன்று மிதிப்பதில்லை. கணவனை இழந்து, கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்டுக் கிளம்பும் அந்தப் பெண்ணின் மனத்தை ஆசிரியர் பக்கம் பக்கமாக வியாக்கியானம் செய்திருந்தால், அவளுக்கு வக்கீலாகவோ அவள்மேல் நீதிபதியாகவோ ஆகியிருப்பார். அவர் அப்படிச் செய்யாமல் அவளைப் பேசவிட்டார். இதே வழக்கு முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் பேனாவில் அகப்பட்டிருந்தால், தாயபாகத்தைப் பற்றி நாகம்மாளே ஒரு முழு அத்தியாயம் பிரசங்கம் செய்திருப்பாள்.