சிறைமதிலும் திரைச்சண்டையும்

இளைஞர்கள் விரும்பிக் காணும் திரைப்படங்களில் ஒரு வகை உண்டு. நல்லவன் ஒருவன் சிறையில் அடைக்கப்படுகிறான். சிறை அதிகாரியோ கொடியவன். கைதிகளுள் வலியவர்கள் எளியவர்களை ஆட்டிப் படைக்கின்றனர். வந்தவன் சிலகாலம் பொறுத்திருக்கிறான். பின்னர்க் கையும் காலுமே படைக்கலமாக அத்தனை பேரையும் வென்று தலைநிமிர்ந்து நிற்கிறான். கதை இவ்வளவுதான். இதனை வீண்பொழுது என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நான் அவ்வாறு ஒதுக்கத் துணிய மாட்டேன். ஒரே கதையை ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீர வேண்டும் அல்லவா?

முதற்காரணம் மிக எளியது. துப்பாக்கி பிறந்த பிறகு முஷ்டிக்கு என்ன வேலை? தற்காப்புக் கலையைப் படமாக்க விரும்பும் ஒவ்வொருவரையும் வழிமறிக்கும் கேள்வி இது. கதையைப் பழங்காலத்துக்குக் கொண்டு போனால் கேள்வி எழாது. சமகாலத்திலேயே கதை நடக்க வேண்டுமானால், துப்பாக்கி நுழைய முடியாத இடம் ஒன்றைத் தேடியாக வேண்டும். 1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீ ஏற்ற பாத்திரமே இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறது. தீவின் தலைவனாகிய ஹான் என்பவன் தன் தீவில் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை என்பது அதற்குக் கிடைக்கும் விடை. அத்தீவின் அடித்தளத்தில் இருண்ட சிறைக் கொட்டடிகள் உள்ளன. இறுதிப் போரில் அவற்றின் கதவுகள் திறக்கின்றன. அடைபட்டுக் கிடந்தவர்கள் வெள்ளம்போல் வெளிப்பட்டுப் போரிடுகின்றனர். புரூஸ் லீ அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார்; படம் வெளியானது அடுத்த மாதத்தில். ஹானாக நடித்த ஷி கியென், 1949 முதல் வெளிவந்த வொங் ஃபெய்-ஹுங் படங்களில் வில்லனாகவே நடித்துப் புகழ்பெற்ற முதியவர் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன். பழைய தலைமுறையின் தீயவன் புதிய தலைமுறையின் வீரனோடு மோதியதைக் கண்டு ஹாங்காங் மக்கள் உள்ளூர மகிழ்ந்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் இதனினும் பழையது. அதனை அறியச் சயாம் நாட்டுக்குச் செல்ல வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக விளங்கிய அயுத்தியா, 1767ஆம் ஆண்டில் பர்மியப் படையிடம் வீழ்ந்தது. அரண்மனைகள் எரிந்தன, பல்லாயிரம் மக்கள் சிறைப்பிடிக்கப்பட்டுப் பர்மாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவன் நாய் கனோம் தோம் என்று தாய்லாந்து மக்கள் கூறுவர். இரங்கூனின் ஷ்வேடகோன் கோயிலில் 1774ஆம் ஆண்டில் விழா நடந்தபோது, மன்னன் சின்பியூஷின் முன்னிலையில் பர்மிய மல்லனோடு மோதுமாறு இக்கைதி பணிக்கப்பட்டானாம். அவன் முதலில் தன் ஆசிரியரை வணங்கும் நடனத்தை ஆடினான். பர்மியர்கள் அதனை ஏதோ மாந்திரீகம் என்று எண்ணி மயங்கினர். அடுத்தடுத்து வந்த ஒன்பது பேரையோ பத்துப் பேரையோ அவன் வீழ்த்தினான். மகிழ்ந்த மன்னன் விடுதலையோடு பரிசும் வழங்க முன்வந்து, பொருள் வேண்டுமா, மனைவியர் வேண்டுமா என்று வினவினான். பொருளை எளிதில் ஈட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அவன் மனைவியரைக் கேட்டான் என்பது கதை. மாணவர்கள் நிறைந்த அவையில் இதனை மேலும் விரித்துரைக்க நான் விரும்பவில்லை!

இக்கதை முழுவதையும் வரலாறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லச் சொல்ல வளர்ந்த பகுதி அதில் மிகுதி. ஆயினும் அயுத்தியா வீழ்ந்ததும், மக்கள் சிறைப்பட்டதும், ஷ்வேடகோனுக்குச் சின்பியூஷின் திருப்பணி செய்ததும் மெய். மார்ச்சு 17ஆம் நாளை அவ்வீரனின் பெயரால் தாய்லாந்தில் இன்றும் கொண்டாடுகின்றனர். தோற்றுப்போன நாடு ஒன்று, தன் மானத்தை ஒரு கைதியின் இரண்டு முழங்கைகளில் வைத்துக் காத்துக்கொண்டது என்று இதனைச் சொல்லலாம். சிறைப்பட்டவன் தன் உடலாலேயே விடுதலையை வாங்குகிறான் என்ற எண்ணத்தின் வேர் இத்தகைய கதைகளில்தான் இருக்கிறது. திரைப்படம் அதற்குப் புதுச்சட்டை தைத்துப் போட்டது.

அச்சட்டைகளில் மிகவும் விநோதமானது 1991ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் உருவான 'ரிக்கி-ஓ'. ஜப்பானியச் சித்திரக் கதை ஒன்றைத் தழுவி லாம் நய்-சொய் இயக்கிய படம் இது. கதை நடப்பதாகச் சொல்லப்பட்ட காலம், அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 2001ஆம் ஆண்டு. சிறைகள் யாவும் தனியார் கைக்குப் போய் வாணிகமாகிவிட்டன. சிறைக்குள்ளேயே அபினிச் செடி பயிராகிறது. தன் காதலியின் சாவுக்குக் காரணமான போதைப்பொருள் வணிகனைக் கொன்றவன் என்று கதாநாயகன் உள்ளே வருகிறான். சட்டத்தின் கண்ணில் அவன் குற்றவாளி; பார்ப்போர் நெஞ்சில் அல்லன். நாயகனாக நடித்த ஃபான் சியூ-வொங் அப்போது இளைஞர். கொடிய துணை அதிகாரியாக நடித்தவர் அவருடைய தந்தையே! இறுதியில் நாயகன் தன் முஷ்டியால் சிறைமதிலையே உடைத்துக் கைதிகளுக்கு வழி திறக்கிறான். படத்தில் இரத்தம் அளவுகடந்து பெருகுகிறது. 1988ஆம் ஆண்டில் ஹாங்காங் அரசு வகுத்த மூன்றாம் பிரிவில், அதாவது பதினெட்டு வயது நிரம்பாதவர் காணக் கூடாத பிரிவில், இது சேர்க்கப்பட்டது முற்றிலும் பொருத்தமே. ஆதலால் இதனைத் தேடிப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியார் சிறை என்பது வெறுங்கற்பனை அன்று. அமெரிக்காவின் டென்னசியில் 1983ஆம் ஆண்டிலேயே அத்தகைய நிறுவனம் தோன்றிவிட்டது. கைதியின் தலையை எண்ணி ஊதியம் பெறுகிறவன், கைதிகள் குறைய வேண்டும் என்று எப்படி விரும்புவான்? குருதிக் கூத்துக்கு நடுவே இந்தக் கேள்வியை அப்படம் கேட்டதே, அதைத்தான் நான் மதிக்கிறேன்.

இந்தோனேசியாவில் எடுக்கப்பட்டு 2014ஆம் ஆண்டில் வந்த 'தி ரெய்டு 2' படத்திலும் சிறைமுற்றம் உண்டு. கைதி வேடத்தில் நுழைந்த காவலன் ஒருவன் சேற்றில் புரண்டு போரிடும் காட்சி அது. சிலாட் என்னும் அந்நாட்டுக் கலை 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. யார் காவலர், யார் கைதி என்று அறிய முடியாதபடி சேறு எல்லோரையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. நூறு வசனங்களால் சொல்ல முடியாததை அந்தச் சேறு சொல்கிறது.

படங்களை விட்டு மெய்யான சிறைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பாங்காக்கின் குளோங் பிரேம் சிறைக்குள்ளே மேடை அமைத்து, மகளிர் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்துக்கான போட்டி நடந்தது. போதைப்பொருள் வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்றுச் சிறையிலேயே குத்துச்சண்டை பயின்ற சிரிபோர்ன் தவீசுக் என்னும் பெண், ஜப்பானிலிருந்து வந்த அயாகா மியானோவைப் புள்ளிக் கணக்கில் வென்று பட்டம் சூடினார். அதே ஆண்டில் விடுதலையும் பெற்றார். கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறைசென்ற அம்னாத் ருயென்ரோங் அங்கே கற்ற கலையால் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக ஆடினார். 2014இல் உலகப் பட்டமும் வென்றார்.

இவற்றைக் கேட்டு நாம் மகிழலாம். என் மனத்திலோ ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது. வலிய கை உடையவனுக்குக் கதவு திறக்கிறது. மெலிந்தவனுக்கு, நோயாளிக்கு, வயது முதிர்ந்தவனுக்கு எந்தக் கை திறக்கும்? அவனும் அதே கூரையின் கீழ்த்தானே படுத்திருக்கிறான்? வென்றவனைச் சுற்றி விளக்குப் போடும் திரைப்படம் இவனை ஒருநாளும் நாயகனாக்குவதில்லை. சிரிபோர்னும் அம்னாத்தும் உண்மையாகவே குற்றம் செய்து தண்டனை ஏற்றவர்கள் என்பதும் கருதத்தக்கது. படத்துக் கைதி குற்றமற்றவனாக இருந்தால்தான் நம்மால் அவனுக்குக் கைதட்ட முடிகிறது. குற்றம் செய்தவன் திருந்தி எழுவதற்குக் கைதட்ட நமக்கு இன்னும் பழகவில்லை.

அப்பழக்கத்துக்கு வழிகாட்டிய படம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பில்லி மூர் என்னும் ஆங்கிலேயர் தாய்லாந்துச் சிறைகளில் கிடந்து, அங்கே முவே தாய் பயின்று, கைதிகளின் சார்பில் மேடையேறியவர். போதைக்கு அடிமையாகி அங்கே போய்ச் சேர்ந்தவர். குற்றமற்றவர் என்று அவரே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எழுதிய நூலைத் தழுவி 2017ஆம் ஆண்டில் 'எ பிரேயர் பிஃபோர் டான்' வெளிவந்தது. மூடப்பட்ட ஒரு பழைய சிறையிலேயே படம் பிடித்தனர். முன்பு சிறையிலிருந்தவர்கள் பலரைக் கைதிகளாக நடிக்க வைத்தனர். தாய் மொழியில் பேசப்படுவதில் பெரும்பகுதிக்கு மொழிபெயர்ப்பு வரி கிடையாது. ஆகவே மொழி அறியாத அயலானின் திகைப்பு நம்மையும் பற்றிக்கொள்கிறது. மதிலை உடைக்கும் முஷ்டி இதில் இல்லை. கடைசிக் காட்சியில், சிறையிலிருக்கும் மகனைக் காண இங்கிலாந்திலிருந்து தந்தை வருகிறார். அந்தத் தந்தையாக நடித்தவர் பில்லி மூரே.