47 ஹார்ஸ்பவர் எங்கேருந்து வந்துச்சு?

இந்த வாரம் வேற ஒரு தலைப்புதான் வச்சிருந்தேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து அதைத் தள்ளி வச்சிருச்சு. "அண்ணா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை. வயசு 21. லைசென்ஸ் எடுத்து நாலு மாசம் ஆச்சு. முதல் பைக்கே ராயல் என்ஃபீல்ட் 650 எடுக்கலாம்னு இருக்கேன். லோன் ஓகே ஆயிருச்சு. அப்பா மட்டும் வேணவே வேணாங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி, நான் பைக் ரிவ்யூ பண்றவன் இல்ல, பழைய கதை பேசறவன். ஆனா நீங்க கேட்ட கேள்விக்கே ஒரு பழைய கதை இருக்கு. அது நீங்க வேலைக்குப் போற அதே ரயில் லைன்ல ஆரம்பிக்குது.

சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டி திருவொற்றியூர் வரும். இன்னைக்கு அது சென்னை மாநகராட்சிக்குள்ள இருக்கு. 2011 வரைக்கும் அது திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு தனி நகராட்சி. இந்தியாவுல புல்லட் தயாரிக்க ஆரம்பிச்ச ஊர் அதுதான். இங்கிலாந்துல ரெட்டிச் ஊர்ல இருந்த என்ஃபீல்ட் கம்பெனியோட 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' கைகோத்து, 1955-ல 'என்ஃபீல்ட் இந்தியா' உருவாச்சு. அதுக்குப் பின்னால இருந்தது ராணுவத்தோட தேவை. எல்லைப் பகுதியில ரோந்து போக, கரடுமுரடான பாதையில நிக்காம ஓடற வண்டி வேணும்னு அவங்க புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்திருந்தாங்க. 1956-ல திருவொற்றியூர் தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சப்போ உதிரி பாகங்கள் கப்பல்ல வந்தன, இங்க கோத்தாங்க. முதல் வருஷம் மொத்தமே 163 வண்டி. இப்ப ஒரு பெரிய ஷோரூம் ஒரு சீசன்ல விக்கற அளவு அது.

அந்தக் காலத்துல "முதல் பைக்கா எதை எடுக்கறது"ங்கற கேள்வியே பெருசா கிடையாது. கிடைக்கறதை எடுக்கணும், அதுக்கும் காத்திருக்கணும். புல்லட் வாங்கினவங்க பெரும்பாலும் ராணுவம், போலீஸ், கையில காசு இருந்த கொஞ்ச பேர். இன்னொண்ணும் இருந்துச்சு. புதுசா வர்றவனை அந்த வண்டியே வடிகட்டிரும்.

எங்க மாமாகிட்ட ஒரு பழைய புல்லட் இருந்துச்சு. அதை ஸ்டார்ட் பண்றது ஒரு சடங்கு. மெதுவா கிக்கரை மிதிச்சுக்கிட்டே ஆம்பியர் மீட்டரைப் பார்க்கணும். முள்ளு நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஷன் லீவரை இழுத்துப் பிடிச்சு, கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டுட்டு, அப்புறம் முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. பிஸ்டன் எங்க நிக்குதுன்னு தெரியாம அவசரப்பட்டு மிதிச்சா கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலுக்குக் கீழ ஒரு அடி வாங்கினா ஒரு வாரம் நொண்டணும். நான் வாங்கியிருக்கேன். போதாக்குறைக்கு கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. வேற வண்டி ஓட்டிப் பழகினவன் பதட்டத்துல பிரேக்னு நினைச்சு கியரை மிதிப்பான். 2000களோட நடுப்பகுதியிலதான் இது மத்த வண்டி மாதிரி மாறுச்சு.

இத்தனைக்கும் அந்த இன்ஜினோட பவர் 18 ஹார்ஸ்பவர்தான். வண்டியோ 160 கிலோவுக்கு மேல. பெரிய வண்டி, கனமான வண்டி, ஆனா வேகமான வண்டி கிடையாது. "புல்லட்டுன்னாலே பவர்"ங்கறது சத்தத்துலேருந்து நாம கட்டிக்கிட்ட கணக்கு.

இப்ப அப்படியே ரெட்டிச்சுக்குப் போவோம். அதே கம்பெனியோட தாய்வீடு. 1950கள் முடியறப்போ இங்கிலாந்துல பையன்கள் பெரிய பைக்ல அடிபட்டுச் செத்துக்கிட்டிருந்தாங்க. அங்க அப்ப கத்துக்கறவங்களும் எந்த சிசி வேணா ஓட்டலாம். 1961-ல அரசாங்கம் ஒரு கோடு போட்டுச்சு: லேர்னர் லைசென்ஸ் வச்சிருக்கறவங்க 250 சிசிக்கு மேல தொடக் கூடாது.

கம்பெனிங்க என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. சரி, 250தானே, அந்த 250-ஐயே எவ்வளவு வேகமா பண்ண முடியும்னு இறங்கிட்டாங்க. ராயல் என்ஃபீல்ட் 1964 கடைசியில 'கான்டினென்டல் ஜிடி'ன்னு ஒரு 250 விட்டுச்சு. சிவப்பு டேங்க், தாழ்வான ஹேண்டில்பார், அஞ்சு கியர். ரேஸ் பைக் மாதிரியே இருக்கும், ஆனா லேர்னர் ஓட்டலாம். சட்டம் சிசியைப் பார்த்துச்சு, பையன்கள் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தாங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு இது புரிஞ்சு திருத்த இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1980களோட தொடக்கத்துலதான் லேர்னருக்கு 125 சிசின்னு குறைச்சு, கூடவே பவருக்கும் ஒரு வரம்பு வச்சாங்க. அதுக்குள்ள ரெட்டிச் ஃபேக்டரியே மூடியாச்சு, 1967-லயே. 1970-ல இங்கிலாந்துல ராயல் என்ஃபீல்ட் உற்பத்தி மொத்தமா நின்னு போச்சு. திருவொற்றியூர் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப உங்க 650-க்கு வர்றேன். ஐரோப்பாவுல 2013 ஜனவரியிலேருந்து லைசென்ஸ் படிப்படியா இருக்கு. முதல் படி 125 சிசி. அடுத்தது ஏ2. அதுல சிசிக்கு வரம்பே கிடையாது, பவருக்குத்தான் வரம்பு: 35 கிலோவாட். வண்டியோட எடையில ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேலயும் போகக் கூடாது. அந்தப் படியில ரெண்டு வருஷம் ஓட்டிட்டு, மறுபடி டெஸ்ட் குடுத்தாதான் பெரிய வண்டி. இல்லன்னா 24 வயசு ஆகற வரைக்கும் காத்திருக்கணும்.

35 கிலோவாட்டை ஹார்ஸ்பவரா மாத்துங்க. 47 வரும்.

இன்டர்செப்டர் 650-யோட பவர் எவ்வளவு? 47. எடை 202 கிலோ, ஆக ரெண்டாவது நிபந்தனையும் பாஸ். 2017 நவம்பர்ல மிலான் கண்காட்சியில காட்டி, 2018-ல இங்க இரண்டரை லட்சத்துக்கு வித்த வண்டி. இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர் பக்கத்துல அவங்களோட டெக்னாலஜி சென்டர் இருக்கு. அங்கயும் சென்னையிலயும் சேர்ந்து உருவாக்கி, காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரிக்கறாங்க. 648 சிசியில இதைவிட நிறையவே பவர் எடுக்கலாம், வேற கம்பெனிங்க எடுத்திருக்காங்க. சரியா 47-ல நிக்கறது தற்செயல்னு எனக்குத் தோணல. ஐரோப்பாவுல ரெண்டாவது படியில நிக்கற பையனுக்கு எந்த மாற்றமும் பண்ணாம விக்கலாம், அதான்.

அதாவது தம்பி, உங்க அப்பாவை பயமுறுத்தற அந்த 47, வேற ஒரு நாட்டுல புதுசா ஓட்டறவங்களுக்காகப் போட்ட கோடு. "அப்போ எனக்கும் சரிதானே"ன்னு குதிக்காதீங்க. அங்க அந்தக் கோட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் டெஸ்ட் இருக்கு. இங்க என்ன இருக்கு?

இங்க 8 இருக்கு.

ஆர்டிஓ கிரவுண்டுல கால் ஊனாம 8 போடணும். பெரும்பாலானவங்க டிரைவிங் ஸ்கூல் குடுக்கற 100 சிசி வண்டியிலதான் போடறாங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 16 வயசுக்காரங்களுக்கு 50 சிசின்னு ஒரு வரம்பு இருக்கு. 18 ஆகி, 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்'னு லைசென்ஸ்ல ஏறிருச்சுன்னா முடிஞ்சுது. காலையில 100 சிசியில 8 போட்டவரு சாயங்காலம் 1000 சிசி டெலிவரி எடுக்கலாம். சட்டப்படி எந்தத் தடையும் இல்ல.

அப்போ இத்தனை வருஷம் இங்க படிக்கட்டே இல்லாமலா இருந்துச்சு? இருந்துச்சு, ஆனா அதைப் போட்டது சட்டம் இல்ல, காசு. 1984-85 வாக்குல ஜப்பான் கூட்டுல 100 சிசி வண்டிங்க வந்துச்சு. ஓசூர்லேருந்து இண்ட்-சுசுகி, அப்புறம் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. வாங்க முடிஞ்சது அதுதான், பெட்ரோல் கட்டுப்படியானதும் அதுதான். நம்ம அப்பாங்க எல்லாம் ஓட்டிப் பழகினது அதுலதான். விருப்பப்பட்டு இல்ல, வேற வழி இல்ல.

அந்தப் படிக்கட்டைத் தாண்டிக் குதிச்ச வண்டி ஒண்ணு இருந்துச்சு. 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி விட்ட ராஜ்தூத் 350, அதாவது யமஹா ஆர்டி 350. ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 30 ஹார்ஸ்பவர். புல்லட்டோட அதே 350 சிசிதான், பவர் ஒண்ணரை மடங்குக்கு மேல. ஜப்பான் மாடலைவிட பவரைக் குறைச்சுதான் குடுத்தாங்க. ஆனா முன்னாடி சக்கரத்துல இருந்த டிஸ்க் பிரேக்கையும் எடுத்துட்டு டிரம் போட்டாங்க. அந்த நாள்ல ரோடு எப்படி இருந்திருக்கும், டயர் எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. ஆர்டின்னா 'ரேபிட் டெத்'னு ஓட்டினவங்களே பேர் வச்சாங்க. சரியா விக்காம அந்தப் பத்தாண்டு முடியறப்போ நின்னு போச்சு. இப்ப அதுக்கு ரசிகர் பட்டாளம் இருக்கு, லட்சக்கணக்குல விலை போகுது. அப்ப அடிபட்டவங்களைப் பத்தி அந்த ரசிகர்கள் அதிகம் பேசறதில்ல.

இப்ப அந்தக் காசுப் படிக்கட்டையும் இஎம்ஐ உடைச்சிருச்சு. ஆனா நம்ம அரசாங்கத்துக்கு 350-ங்கற எண் மேல ஒரு கண்ணு உண்டு. லைசென்ஸ்ல இல்ல, பில்லுல. 2025 செப்டம்பர்லேருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. மூணாம் நபர் இன்சூரன்ஸும் அப்படித்தான். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி, புது வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு 150லேருந்து 350 சிசி வரைக்கும் 7,365 ரூபாய், அதுக்கு மேல 15,117. 1961-ல இங்கிலாந்து பண்ண அதே தப்புதான், சிசியை மட்டும் பார்க்கறது. கிளாசிக் 350-யில 349 சிசி, 20 ஹார்ஸ்பவர், 195 கிலோ. கேடிஎம் 250 டியூக்ல 249 சிசி, 31 ஹார்ஸ்பவர், எடையும் ரொம்பவே கம்மி. எது "சின்ன" வண்டி? வீட்டுல "250தானேம்மா"ன்னு சொல்லி வாங்கிடலாம். முறுக்கினா தெரியும்.

2022-ல இந்தியா முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 74,897 பேர் டூ வீலர்ல போனவங்க. எல்லாரும் பெரிய பைக் ஓட்டினவங்க இல்ல, பெரும்பாலும் சாதாரண வண்டிதான். அதனால "சின்ன வண்டி எடுத்தா பத்திரம்"னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போற ரோடு எனக்குத் தெரியும். ஜிஎன்டி ரோடு, அதாவது தேசிய நெடுஞ்சாலை 16. தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை, சிப்காட் திருப்பம். கம்பி ஏத்தின டிரெய்லர் முன்னாடி திடீர்னு வேகம் குறையும். சர்வீஸ் ரோட்டுல மண்ணு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற கண்ணு. அங்க 47 ஹார்ஸ்பவர் தேவைப்படற நேரம் கம்மி. பிரேக்கும், வண்டியைத் திருப்பத் தெரியறதும் தினமும் தேவைப்படும்.

நான் 650-யைக் கீழ போட்ட கதையைச் சொல்லிடறேன். நண்பனோட வண்டி. நெடுஞ்சாலையில 90-ல அருமையாப் போச்சு, நான் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டேன். பொன்னேரி பக்கம் ஒரு டீக்கடை முன்னாடி யூ டர்ன் எடுக்கறப்போ, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல, முன் பிரேக்கைப் பிடிச்சேன். ஹேண்டில்பார் திரும்பியிருந்துச்சு, 202 கிலோ பெட்ரோலோட சேர்ந்து சாய்ஞ்சிருச்சு. தூக்கி நிறுத்த டீக்கடைக்காரரும் இன்னொருத்தரும் வர வேண்டியதாப் போச்சு. காயம் இல்ல. லீவர் காசு நான்தான் குடுத்தேன். அவன் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

அதனால அந்தத் தம்பிக்கு நான் அனுப்பின பதில் இதுதான். லோனை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. அதுவரைக்கும் ஏபிஎஸ் இருக்கற 150, 160 சிசி வண்டி ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல எடுத்து ஓட்டுங்க. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததா பாருங்க, அப்பத்தான் 125 சிசிக்கு மேல எல்லா வண்டிக்கும் அது கட்டாயமாச்சு. மழையில ஓட்டுங்க, அவசரமா பிரேக் பிடிச்சுப் பழகுங்க, காலி கிரவுண்டுல அந்த 8-ஐயே மறுபடி போடுங்க, ஆர்டிஓ இல்லாம. ஒரு வருஷம் கழிச்சு ஷோரூம் போங்க. முதல்ல இன்ஜினை ஆன் பண்ணாம 650-யை பத்தடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பாருங்க. உங்க கம்பெனி பார்க்கிங்ல தினமும் பண்ணப் போறது அதைத்தான்.

நேத்து ராத்திரி பதில் வந்துச்சு. ஒரு வருஷமெல்லாம் முடியாதாம், ஆறு மாசம் ஓகேவாம். பேரம் பேசறாரு. ஞாயித்துக்கிழமை செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்க செங்குன்றம் போறாங்களாம், அப்பாவும் கூட. அப்பா ஒரு காலத்துல ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தாராம். அதுல எத்தனை தடவை விழுந்தாருன்னு அன்னைக்குத்தான் முதல் தடவையா வீட்டுல சொன்னாராம்.