செங்கல்பட்டு – மாமல்லபுரம் மிதிவண்டித் தடங்கள்

செங்கல்பட்டு நகரத்துக்குக் கிழக்கே கடற்கரை வரையிலும், தெற்கே மதுராந்தகம், வேடந்தாங்கல் வரையிலும் விரிந்து கிடக்கும் சிறு சாலைகள் நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்துக்கு ஏற்றவை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ளதுபோல் எண் கொடுத்து, பலகை நட்டு வைத்த தடங்கள் அல்ல இவை. ஊராட்சிச் சாலைகளும் ஏரிக்கரைகளும் பழைய யாத்திரைப் பாதைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு உண்டாக்கிய வலை இது. காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமாகப் பிரிந்த செங்கல்பட்டின் பெயரைச் சைக்கிள் ஓட்டுவோரிடம் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலைதான். அந்தப் புகழ் சரியான இடத்தில் சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஓட்டப் பயிற்சிக்குக் கடற்கரைச் சாலை பொருந்தும். ஊர் பார்க்கும் பயணத்துக்கு உரிய தடம் அதற்கு மேற்கே, ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது.

கடற்கரைச் சாலைக்குப் பெயர் வந்ததில் வியப்பில்லை. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பில் 2002இல் கட்டணச் சாலையான பிறகு, அதுபோல் மேடுபள்ளம் இல்லாத நீண்ட தார்ப்பரப்பு சென்னைக்கு அருகே வேறு கிடைக்கவில்லை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 45 கி.மீ.; விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். சென்னையின் சைக்கிள் குழுக்களுக்கும், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ ஓட்டங்களுக்கும் இது வாடிக்கையான களம். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் 2021 ஜூலையில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் சென்றதும் இச்சாலை வழியேதான். ஆனால் பெயரில் கடல் இருந்தாலும் சாலையிலிருந்து கடல் தெரியும் இடங்கள் குறைவு. முட்டுக்காட்டுப் பாலத்தில் உப்பங்கழி கண்ணில் படும். பிறகு மதில்களும் விடுதி வாசல்களும் சவுக்குத் தோப்புகளும் மறைத்துவிடும். சாலை அகலமாக அகலமாக ஊர்கள் அதைவிட்டு ஒதுங்கிப்போயின. கோவளம், திருவிடந்தை, சாளுவன்குப்பம் என்ற பெயர்களைக் கைகாட்டிப் பலகைகளில் படித்தபடி கடந்துபோகலாம். திருவிடந்தையின் நித்தியகல்யாணப் பெருமாளையோ சாளுவன்குப்பத்தின் புலிக்குகையையோ காண வேண்டுமானால் சாலையை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்.

மேற்கே நிலைமை நேர்மாறானது. இப்பகுதி மழைநீரைத் தேக்கியே வேளாண்மை செய்த பூமி. பள்ளத்தை நோக்கி ஏரிக்குக் கீழே ஏரியாக வெட்டப்பட்டு, ஒன்றின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்ததை நிரப்பும். ஏரி இருந்தால் ஆயக்கட்டு, ஆயக்கட்டின் ஓரத்தில் ஊர், ஊரில் கோயில். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் இந்தச் சீமையை அளந்தபோது ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கு எடுக்கப்பட்டது. சைக்கிள் பயணத்துக்கு இந்த நெருக்கம்தான் முதல் தேவை. ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகிறவருக்கு அரை மணிக்கு ஒருமுறையாவது தண்ணீரும் நிழலும் வழி சொல்ல ஒரு மனிதரும் வேண்டும். ஏரி ஊர்களின் இடைவெளி அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. டீக்கடை, அரசமரத்தடி, மதகின் மேல் உட்காரக் கிடைக்கும் கல் எல்லாம் வழியிலேயே வரும். சைக்கிளும் இங்கே விருந்தாளி அல்ல. அம்பத்தூரில் ஆலை வைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2000களில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பியது. ஆகவே பஞ்சர் ஒட்டவும், குறைந்தபட்சம் காற்றடிக்கவும் ஆள் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை.

தடங்களில் மூத்தது செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம் சாலை. கொளவாய் ஏரி ஓரத்து நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 14 கி.மீ. போனால் வேதகிரி மலை எழும். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று மாமல்லபுரத்துக்கும் மற்றொன்று சதுரங்கப்பட்டினத்துக்கும் போகிறது. இரண்டுமே ஏறக்குறைய 15 கி.மீ. கடலோரமாக அவ்விரண்டையும் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். செங்கல்பட்டில் தொடங்கி அங்கேயே முடிக்கச் சுமார் 75 கி.மீ., அதாவது ஒரு முழு நாள். தேவார மூவரும் பாடிய வேதகிரீசுவரர் கோயில், நண்பகலில் கழுகுகளுக்குச் சோறு வைத்த மலை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு மிதக்கும் என்று மக்கள் நம்பும் சங்குதீர்த்தம் ஆகியவை இத்தடத்தை யாத்திரைப் பாதையாக வைத்திருந்தன. பக்தர்கள் மட்டும் வரவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த ஒல்லாந்தர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலைக்கு உல்லாசமாக வந்து, பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் சுவரில் பெயர் எழுதும் வழக்கத்துக்கு இந்த ஊரில் இத்தனை வயது! கடற்கரைச் சாலை வருவதற்கு முன்பே பயணிகளின் பாதை எது என்பதற்கு அந்தக் கீறல்கள் சான்று.

தெற்குத் தடம் பறவைகளுக்கானது. ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலைப் படாளத்தில் விட்டு மேற்கே திரும்பினால் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அடுத்தடுத்து வரும். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் வேடந்தாங்கல் ஊராருக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார் என்பது பதிவான செய்தி. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார் அதற்கு முன்பே காவலை நடத்திவந்தார்கள். இரண்டு ஏரிகளும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நிறைந்திருக்கும் இவ்விடத்துக்குச் சத்தமில்லாமல் வரும் வண்டியே பொருத்தம்.

இங்கிலாந்தைப் பார்த்துவிட்டு, நமக்கு அப்படிப்பட்ட தடங்கள் அமையப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் வேண்டும் என்பவர்கள் உண்டு. அங்கே நடந்த வரிசை வேறு. 1878இல் ஹாரோகேட்டில் தொடங்கி, பின்னர் சைக்கிள் சுற்றுலா மன்றம் எனப் பெயர் பெற்ற சங்கம் சாலை எதையும் போடவில்லை. இருந்த ஊர்ச்சாலைகளை விவரித்துக் கையேடு அச்சிட்டது; நம்பித் தங்கக்கூடிய விடுதிகளில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தை மாட்டியது; செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நட்டது. தேசிய மிதிவண்டி வலையமைப்பு உருவெடுத்தது 1990களில். அதிலும் தரம் போதாதென்று பல பகுதிகளை அதை நடத்தும் சஸ்டிரான்ஸ் அமைப்பே 2020இல் விலக்கியது. தடம் என்பது பெரும்பாலும் எழுத்து வேலை என்று இதிலிருந்து தெரிகிறது. செங்கல்பட்டில் சாலைக்குக் குறைவில்லை. இந்த ஏரியிலிருந்து அந்த ஏரிக்கு எந்தக் கரை வழியாகப் போகலாம் என்று எழுதிவைத்த ஏடுதான் குறைவு.

உள்சாலைகளுக்கு எதிரான வாதங்களில் சில வலுவானவை. கல்குவாரிகளுக்குப் போகும் டிப்பர் லாரிகள் குறுகிய சாலையை அடைத்துக்கொண்டு வரும். அவை ஓடும் சாலை எதுவோ அதைத் தடமாகச் சொல்லக் கூடாது. சீமைக் கருவேல முள் மெல்லிய டயரைப் பதம் பார்க்கும் என்பதும் உண்மை. அகலமான டயரும் மாற்று டியூபும் இதற்குப் போதும். பந்தய சைக்கிளோடு ஏரிக்கரையில் இறங்குவது சைக்கிளின் பிழை ஆகாது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், அதைச் சுற்றிப் போவதே மரியாதை. பெண்கள் தனியாகச் செல்லப் பலரும் சேர்ந்தோட்டும் கடற்கரைச் சாலையே பாதுகாப்பு என்ற வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. விடிவதற்கு முந்தைய இருட்டில் அது சரிதான். அந்த நேரத்து ஓட்டம் பயிற்சி சார்ந்தது; பயணம் ஊர் விழித்த பிறகு தொடங்கினால் போதும். விபத்து நோக்கிலோ, வேகமாக வரும் கார்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை நம்பி ஓட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்வது கடினம்.

நிலம் சமதளம் என்பதால் இங்கே பயணியைச் சோதிப்பது ஏற்றம் அல்ல, வெயிலும் காற்றும்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கலங்கல்களை வழியவைத்துத் தரைப்பாலங்களை மூழ்கடிக்கும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை ஏரி நிரம்பியும் சாலை காய்ந்தும் இருக்கும்; அதுவே பருவம். அப்போது வீசும் வாடைக்காற்று தெற்கே போகிறவரைத் தள்ளிவிடும், திரும்பி வருகிறவரைத் தடுக்கும். மாமல்லபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து பத்தே ஆண்டில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட ஆலம்பரைக் கோட்டை வரை சுமார் 50 கி.மீ. போகும் தடத்தில் இது நன்றாக உறைக்கும். போகும்போது மூன்று மணி நேரம் பிடித்தால், திரும்புவதற்கு நான்கு வைத்துக்கொள்ள வேண்டும்.