பிரபுக்கள் சபையில் ஒரு வங்காளியார்

திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லைப்புறத்து ஊர்களிலே தமிழ் பேசி வாழும் நமக்கு ஒரு வினா புதிதன்று. பிறர் பெரும்பான்மையாய் நிறைந்த அவையிலே நம்மவர் ஒருவருக்கு ஓர் இருக்கை கிடைத்தால், அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் அறியத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா என்னும் வங்காளியாரின் வரலாறு. பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் அரசாங்கத்தில் உதவி மந்திரியாய் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

வங்காளத்து வீர்பூம் மாவட்டத்திலுள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்தவர் சின்ஹா. கல்கத்தாவிலே கற்று, 1881-இல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். தாயகம் மீண்டு, கல்கத்தா ஹைக்கோர்ட்டிலே பெரும்புகழ் ஈட்டினார். 1909-இல் வைசிராயின் நிர்வாக சபையிலே சட்ட உறுப்பினராக அவர் நியமிக்கப்பட்டார். அதற்கு முன் எந்த இந்தியரும் அச்சபையில் அமர்ந்ததில்லை. ஏழாம் எட்வர்டு மன்னரே இந்நியமனத்தை விரும்பவில்லை என்றால், அக்கதவு எத்துணை இறுக மூடியிருந்தது என்பதை நாம் உணரலாம்!

அடுத்த ஆண்டே அப்பதவியைத் துறந்த சின்ஹா, 1915-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார். 1917-இல் லண்டனிலே நடந்த பேரரசின் போர் மாநாட்டிலும், 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராய் விளங்கினார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இந்தியா மந்திரி மாண்டேகுவின் கீழ் உதவி மந்திரியானார். உதவி மந்திரி பாராளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில் அமர்தல் வேண்டுமன்றோ? ஆகவே, 'ராய்ப்பூர் சின்ஹா பிரபு' என்னும் பரம்பரைப் பட்டம் அவருக்கு வழங்கப் பெற்றது. தந்தைக்குப் பின் மைந்தனுக்குச் சேரும் பட்டம் அது.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்ட மசோதாவைப் பிரபுக்கள் சபையிலே நடத்திக் கொடுத்தவர் சின்ஹாவே. மாகாணங்களிலே கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள் முதலியவற்றைச் சட்டசபைக்குப் பொறுப்புள்ள மந்திரிகளிடம் ஒப்படைத்தது அச்சட்டம். போலீசும் நிதியும் நிலவரியும் கவர்னரின் பிடியிலேயே நின்றன. இதுவே 'இரட்டையாட்சி' எனப்பட்டது. சென்னை மாகாணத்திலே 1920-இல் நீதிக்கட்சி வென்று, சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானது இச்சட்டத்தின் விளைவே. நம் திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தமையால், இச்சட்டம் இங்கு நேரே செல்லவில்லை.

இதே 1919-இல்தான் அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. பஞ்சாபின் ராணுவச் சட்டக் கொடுமையைக் கண்டித்து, மலையாள நாட்டுச் சங்கரன் நாயர் வைசிராயின் நிர்வாக சபைப் பதவியை உதறினார். சின்ஹாவோ லண்டனிலே பதவியில் நீடித்தார். 1920 ஜூலையில் அப்படுகொலைக்குக் காரணமான டயர் பிரபுக்கள் சபையின் விவாதப் பொருளானான். அவனுக்குச் சார்பான தீர்மானம் 129 வாக்குகளுக்கு 86 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா மந்திரியின் இலாகாவுக்கு அச்சபையிலே இந்தியர் ஒருவரே பிரதிநிதியாய் இருந்தும் அவையின் மனம் மாறவில்லை! வெறும் ஓர் இருக்கையின் எல்லை எது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனினும், சின்ஹாவின் பணியைப் பழுதென்று தள்ளுதல் நேர்மையாகாது. 1920-இன் இறுதியிலே பீகார் ஒரிஸா மாகாணத்தின் கவர்னரானார். பிரிட்டிஷ் இந்திய மாகாணம் ஒன்றின் கவர்னர் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. உடல்நலம் குன்றியதால் மறு ஆண்டே விலகினார். 1926-இல் பிரிவி கவுன்சிலின் நீதிக் கமிட்டியில் இடம் பெற்றார். 1928 மார்ச் மாதத்தில் மறைந்தார்.

பட்டத்தின் கதை அத்துடன் முடியவில்லை. மைந்தர் அருண்குமார் தந்தையின் இருக்கையைக் கோரினார். பலதார மணத்துக்கு இடந்தரும் இந்து முறைப்படி நடந்த திருமணத்தில் பிறந்தவர் பிரபுப் பட்டத்துக்கு வாரிசு ஆவாரா என்ற ஐயம் எழுந்தது. 1939-இலேதான் அவர் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. தந்தைக்கு மனமுவந்து கொடுத்த இருக்கையை மைந்தர் பெறப் பதினோராண்டு காத்திருக்க நேர்ந்தது. காலம் மாறி, பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களின் அவை உரிமையையே 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அளிக்கப்பட்ட இருக்கை கதவைத் திறக்கும். ஆனால் அவையின் மனத்தை மாற்றாது. அதை மாற்றுவது, இருக்கையில் அமர்ந்தவர் பின்னே திரண்டு நிற்கும் மக்களின் வலிமையே. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகம் சேர்ந்தன. மக்கள் போராட்டமே அதற்கு அடிப்படை. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. நாமும் இங்கேயே வேரூன்றி நின்றோம். ஆகவே, பஞ்சாயத்திலோ பள்ளிக் குழுவிலோ நம்மவர் ஒருவர் அமரும் நாளிலே மாலையிட்டு மகிழ்வோம். மறுநாளும் அவர் பின்னே நிற்போம். அதுவே அவ்விருக்கைக்கு நாம் தரும் வலிமையாகும்.