செயல்வழி நினைவு ஆதரவு (ஆல்சைமர் நோய்)

செயல்வழி நினைவு ஆதரவு என்பது, ஆல்சைமர் நோயாளர் நினைவிற்கொள்ள வேண்டியவற்றை உடலசைவோடும் மனக்காட்சியோடும் இணைத்துப் பயிற்றும் முறையாகும். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. எஞ்சியுள்ள திறனைப் பயன்படுத்த உதவுகிறது.

அடிப்படை

புதிய நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் இப்போகாம்பசு என்னும் மூளைப்பகுதி இந்நோயின் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. பழகிய கைவேலைக்குரிய செய்முறை நினைவு, அடித்தள முடிச்சுகளையும் சிறுமூளையையும் சார்ந்திருப்பதால் நெடுநாள் நிலைக்கிறது. காலையில் உண்டதை மறந்துவிடும் ஆரணிப் பட்டு நெசவாளர் ஒருவரின் கை, நாடா ஓட்டுவதை மறவாதிருக்கக்கூடும்.

"கண்ணாடியை மேசையில் வை" என்பதைக் கேட்பதைவிடச் செய்துபார்த்தால் நினைவில் நிற்கும் வாய்ப்பு மிகுதி. இவ்விளைவு 1980களில் உளவியலாளர்களால் விரிவாக ஆராயப்பட்டது. மனக்காட்சியை உருவாக்க மிகுந்த கவனம் தேவை. எனவே அது தொடக்க நிலையினருக்கே பெரிதும் பயன்படும். நோய் முற்றும்போது உண்மையான பொருளைக் கையில் கொடுப்பதே ஏற்றது. தவறவிட்டுத் திருத்துவதினும், உடனிருந்து செய்துகாட்டுவது நன்று.

தமிழ்நாட்டில்

ஏமி ஸ்பெக்டர் குழுவினர் ஐக்கிய இராச்சியத்தில் உருவாக்கிய அறிதிறன் தூண்டல் சிகிச்சை, இதற்கு நெருங்கிய குழுப்பயிற்சியாகும். 7 வாரங்களில் 14 அமர்வுகள் கொண்ட இதில் உடல் விளையாட்டு, ஒலி, உணவு, குழந்தைப் பருவம் முதலியன கருப்பொருள்களாகும். சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் இதனைத் தமிழ்ச் சூழலுக்கேற்பத் தகவமைத்தனர். முன்னோட்ட ஆய்வு 2017 இல் வெளியானது.