கோலேயின் நிதானம்

மோஸ்தர் பார்க்கும் சதுரங்கக்காரர்கள் கோலே தொடக்கத்தைக் கோழையின் ஆட்டம் என்கிறார்கள். ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம், ராஜாவின் சிப்பாய் ஒரே கட்டம். பின்னால் ஒரு மந்திரி அடைபட்டுக் கிடக்கும். குறை உண்மைதான்.

ஆனால் எட்கர் கோலே கோழையல்ல. 1897-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்து, இரைப்பைப் புண்ணின் உபாதையோடு ஆடி, 1932-ல் 34 வயதில் மறைந்தவர். 1930-ல் நீஸ் நகரில் ஓஹான்லனுக்கு எதிராக, 9-வது நகர்த்தலில் ராஜாவின் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினார். மூடியிருந்த வழிகள் திறந்தன. 12-வதில், கோட்டை கட்டிய ராஜாவின் ஓரத்துச் சிப்பாய்க்கு மந்திரியையே கொடுத்தார். ராஜா வெளியே இழுபட்டது, கோலே ஜெயித்தார்.

இதைச் சாதாரண ஆட்டக்காரர்களிடையே பரப்பியவர் அவர் நாட்டில் பிறந்த கோல்டனோவ்ஸ்கி. பகலெல்லாம் பாங்கில் கணக்கெழுதிவிட்டு மாலையில் பலகை முன் உட்காருகிறவன் நான். சிசிலியன் வரிசைகளில் 20 நகர்த்தல்களை மனப்பாடம் செய்தாலும் 21-வதில் என் அறியாமை வெளிப்பட்டுவிடும். அதுவரை ஆடியது நானல்ல, யாரோ. கோலேயில் காய்களுக்கு இடம் தெரிந்தால் போதும். சீக்கிரமே சொந்த யோசனை தொடங்கியாக வேண்டும். தோற்றாலும் அது என் தோல்வி.