குறும்படமும் அவையும்

நூல் இயற்றினோர் அதனைக் கற்றோர் அவையில் அரங்கேற்றுதல் தமிழ் மரபு. அவை ஏற்ற பின்னரே நூல் உலகில் வழங்கும். வணிக நிறுவனங்களைச் சாராது தனியொருவர் முயற்சியால் எழும் குறும்படங்களுக்கும் இத்தகையதோர் அவை வேண்டும். அஃது எங்ஙனம் அமைந்தது என்பதை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1943-ஆம் ஆண்டில் மாயா டெரன் அம்மையார் தம் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிதுடன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தாம் வாழ்ந்த வீட்டிலேயே 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' என்னும் படத்தை எடுத்தார். 16 மில்லிமீட்டர் சுருளில் ஒலியின்றி எடுக்கப்பட்ட இப்படம் ஏறத்தாழ 14 நிமிடமே ஓடுவது. திறவுகோலும் கத்தியும் மலரும் மீண்டும் மீண்டும் தோன்ற, கனவின் போக்கிலே செல்வது. 35 மில்லிமீட்டர் நெடும்படங்களுக்கே உரியனவாய் இருந்த வணிக அரங்குகளில் இதற்கு இடமில்லை. ஆதலின் 1946-இல் அம்மையார் நியூயார்க் நகரில் ப்ராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்னும் சிறு நாடக அரங்கை வாடகைக்குப் பெற்றுத் தம் படங்களைத் தாமே திரையிட்டார். அரங்கு நிறைந்தது.

இதனால் ஊக்கம் பெற்ற ஆமாஸ் வோகல், தம் துணைவியார் மார்சியாவுடன் 1947-இல் 'சினிமா 16' என்னும் கழகத்தை நிறுவினார். பொதுமக்களுக்குக் காட்டும் படங்கள் அக்காலத்தில் நியூயார்க் மாநிலத் தணிக்கைக்கு உட்பட்டன. உறுப்பினர்க்கு மட்டும் காட்டுவன அதற்கு உட்படவில்லை. ஆகவே கழகம் உறுப்பினர் முன்கூட்டியே செலுத்திய ஆண்டுக் கட்டணத்தால் நடைபெற்றது. இம்முறையால் மற்றொரு நன்மையும் விளைந்தது. தாமாக நாடிச் சென்று பாராத படங்களையும் உறுப்பினர் காண நேர்ந்தது. அறிவியற் படம், ஆவணப்படம், சோதனைப் படம் ஆகியவற்றை ஒரே மாலையில் அடுத்தடுத்து வைத்து வோகல் காட்டினார். உறுப்பினர் தொகை ஒரு காலத்தில் 7,000 வரை உயர்ந்தது.

எனினும், தேர்வு உள்ள இடத்தில் விலக்கும் உண்டு. ஸ்டான் பிராக்கேஜ் 1958-இல் முடித்த 'ஆன்டிசிபேஷன் ஆஃப் தி நைட்' என்னும் படத்தைத் திரையிட வோகல் இசையவில்லை. இத்தகைய விலக்கால் மனம் வருந்தியோருள் ஜோனஸ் மேகாஸ் முதலானோர் 1962-இல் படைப்பாளர் கூட்டுறவு அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தனர். படைப்பாளர் தரும் படம் எதனையும் விலக்காது ஏற்று, வேண்டுவோர்க்கு வாடகைக்கு அளித்தல் அதன் நெறி. அடுத்த ஆண்டில் 'சினிமா 16' மறைந்தது.

இவ்விரு நெறிகளுள் ஒன்றே போதும் எனல் பொருந்தாது. தேர்வு மட்டும் நிற்பின் ஒருவர் சுவையே அளவுகோலாகிவிடும். ஏற்பு மட்டும் நிற்பின், காண்போர் எதனை முதலில் காண்பது என அறியாது மயங்குவர். டெரனின் படத்தை 1990-இல் அமெரிக்க அரசு தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்த்தது. வாடகை அரங்கில் தொடங்கிய அவ்வவையே இச்சிறப்பிற்கு அடிகோலியது என்பது எம் கருத்து. ஆகவே குறும்பட வரலாறு எழுதுவோர், எடுத்தவரை மட்டுமன்றிக் காட்டியவரையும் கண்டவரையும் ஆராய்தல் கடனாம்.